பழைய கார், புதிய பசி

டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டத் துடிக்கும் பழைய கார் பிரியர்கள் முதலில் எடுக்க வேண்டியது ஸ்பானரை அல்ல, பேனாவை.

கொல்கத்தாவின் ஜூலை மாத மழை இரவு. சிக்னலில் நிற்கிறது 1960களின் அம்பாசடர் ஒன்று. வைப்பர் மனமில்லாமல் நகர்கிறது. ஹெட்லைட் மஞ்சளாகி மங்குகிறது. பச்சை விழுந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எல்லாம் உயிர் பெறுகிறது. பெரும்பாலான உரிமையாளர்கள் அடுத்த நாளே புதிய பேட்டரி வாங்குவார்கள். பணம்தான் வீண். இந்த அறிகுறிகளுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது டைனமோவை.

உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாவது வரிசையின் வாரிசு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 ரக டைனமோவின் உச்சத் திறன் 22 ஆம்பியர். அதுவும் எஞ்சின் நன்றாகச் சுற்றும்போதுதான். ஐட்லிங்கில் அது ஏறக்குறைய ஒன்றும் தராது. கட்-அவுட் இணைப்பைத் துண்டித்துவிட, மொத்தச் சுமையும் பேட்டரியின் தலையில் விழும்.

அன்றைய தேவைக்கு அது போதும். பழைய பாணி 45 வாட் ஹெட்லைட் இரண்டு: சுமார் 7 ஆம்பியர். பார்க்கிங், டெயில், நம்பர் பிளேட், டாஷ்போர்டு விளக்குகள்: இரண்டரை. இக்னிஷன் காயில்: மூன்றரை. வைப்பர்: மூன்றரை. கூட்டினால் 16, 17. பேட்டரிக்கும் கொஞ்சம் மிஞ்சும். காரும் அன்று சிக்னலில் மூன்று நிமிடம் நின்றதில்லை.

இன்று அதே காரில் 60 வாட் ஹாலஜன், மியூசிக் சிஸ்டம், செல்போன் சார்ஜர். கணக்கு 23ஐத் தொட்டுவிடுகிறது. ஏ.சி.யும் பொருத்தினால் ப்ளோயர், கம்ப்ரஸர் கிளட்ச், கண்டென்சர் ஃபேன் மூன்றுக்கும் சேர்த்து இன்னொரு 24 ஆம்பியர். மொத்தம் 47. ஹாரன், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் விட்டுவிட்டு வருபவை. அவற்றை இதில் சேர்க்க வேண்டியதில்லை.

காகிதக் கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு டி.சி. கிளாம்ப் மீட்டர் இருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு, எல்லா ஸ்விட்சுகளையும் போட்டு, பேட்டரி கேபிளில் மாட்டிப் பார்த்தால் போதும். கண்ணாடியில் தண்ணீர் தெளித்துவிட்டு வைப்பரைப் போடுவது நல்லது. இக்னிஷனை நீண்ட நேரம் போட்டு வைத்தால் காயில் சூடேறிவிடும்; ஒரு நிமிடத்தில் முடித்துவிட வேண்டும்.

தொடர்ச்சியான சுமை, ஆல்டர்னேட்டர் திறனில் முக்கால் பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அந்தக் கணக்கில் ஏ.சி. இல்லாத அம்பாசடருக்கு 35 ஆம்பியர் போதும். ஏ.சி. உள்ளதற்கு 65. கடைக்காரர் சொல்லும் எண்ணோடு நின்றுவிடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. அந்த எண் ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது கிடைப்பது. புல்லி விகிதம் இரண்டுக்கு ஒன்று என்றால், 800 சுற்றில் ஐட்லிங் ஆகும் எஞ்சின் அதை 1,600 சுற்றுதான் சுற்றும். அந்த வேகத்தில் 65 ஆம்பியர்காரன் பாதிகூடத் தராமல் போகலாம். கேட்க வேண்டிய கேள்வி: "1,500 சுற்றில் எவ்வளவு?"

அப்படியானால் 100 ஆம்பியராகவே போட்டுவிட்டால் என்ன? பெரிய ஆல்டர்னேட்டர் பேட்டரியை எரித்துவிடும் என்று சில ஒர்க்‌ஷாப்களில் பயமுறுத்துவது உண்மையல்ல. ரெகுலேட்டர் கட்டுப்படுத்துவது வோல்ட்டேஜை. கார் கேட்கிற கரண்ட்தான் ஓடும். நிஜமான ஆபத்து ஒயரிங்கில் இருக்கிறது. காலியாகிக் கிடக்கும் பேட்டரி, பெரிய ஆல்டர்னேட்டரிடம் கணிசமான கரண்டைக் கேட்டு வாங்கும். 22 ஆம்பியருக்காக 60 வருடத்துக்கு முன் இழுத்த ஒயர், அதன் உலர்ந்த இன்சுலேஷன், வழியில் 30 ஆம்பியர் அம்மீட்டர் எல்லாம் அதைச் சுமக்க வேண்டும். டாஷ்போர்டுக்குப் பின்னால் புகை கிளம்புவது இப்படித்தான். 65 ஆம்பியருக்கு ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராக 10 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், பேட்டரி முனையில் ஒரு ஃப்யூஸ், அம்மீட்டர் இடத்தில் வோல்ட்மீட்டர். இந்தச் செலவுக்குத் தயாராக இல்லாதவர் டைனமோவோடு இருப்பதே மேல்.

பெல்ட்டுக்கும் எல்லை உண்டு. 65 ஆம்பியர் முழுமையாக எடுத்தால் எஞ்சினிடமிருந்து சுமார் இரண்டு குதிரைத் திறன் போய்விடும். ஒல்லியான ஒற்றை வி-பெல்ட் அதற்கு மேல் கிறீச்சிட ஆரம்பிக்கும்.

இன்னொரு பொறி, எர்த். அந்தக் கால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாடியோடு இணைந்திருப்பது பேட்டரியின் பாசிடிவ் முனை. சாதாரண ஆல்டர்னேட்டருக்கு நெகடிவ்தான் பாடியில் இருக்க வேண்டும். மாற்றாமல் மாட்டினால் டயோடுகள் நொடியில் காலி. மாற்றும்போது காயில் இணைப்பையும் திருப்ப வேண்டும். பழைய ரேடியோவைக் கழற்றி வைப்பது புத்திசாலித்தனம். சார்ஜ் எச்சரிக்கை விளக்கில் அழகுக்காக எல்.இ.டி. போடுவதும் கூடாது. அந்தச் சிறு பல்பு வழியாகப் போகும் கரண்டுதான் பல ஆல்டர்னேட்டர்களைத் தூண்டிவிடுகிறது.

சட்டம் குறுக்கே நிற்பதாகத் தெரியவில்லை. 50 வருடத்தைத் தாண்டிய வாகனங்களுக்கு மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விண்டேஜ் விதிகள் கவலைப்படுவது சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் செய்யும் பெரிய மாற்றங்களைப் பற்றி. 1964இல் டெல்லியில் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் ராலி போன்ற மேடைகளில் காரை நிறுத்த விரும்புபவர்களின் கவலை வேறு: பானெட்டைத் திறந்ததும் தெரிந்துவிடுமே? டைனமோ கூட்டுக்குள்ளேயே ஆல்டர்னேட்டரை ஒளித்து வைத்த உருப்படிகள் பிரிட்டனில் விற்கின்றன. விலை அதிகம். அதனால் பலர், துளை எதுவும் புதிதாகப் போடாமல் பழைய பிராக்கெட்டிலேயே ஆல்டர்னேட்டரை நிறுத்திவிட்டு, டைனமோவையும் கட்-அவுட்டையும் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துகிறார்கள். கண்காட்சிக்கு முந்தைய நாள் இரண்டும் திரும்ப ஏறும், எர்த்தைச் சரிபார்த்து, டைனமோவை மறுபடி போலரைஸ் செய்த பிறகு.