பிறர் தவறால் ஒருவர் இறந்தால்

லொறி மோதியோ, பன்றிக்கெனக் களவாக இழுத்த மின்கம்பியில் சிக்கியோ ஒருவர் இறந்தால், செத்தவீடு முடியுமுன்னரே மறுதரப்பார் வந்துவிடுவர். சவப்பெட்டிச் செலவைத் தந்து, "இனி எதுவித கோரிக்கையும் இல்லை" என்ற கடிதத்தில் கையொப்பம் கேட்பர். கையில் காசில்லாத இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் இது இலகுவாக எடுபடுகிறது. பணம் வாங்குவதானால் அத்தொகைக்கு மட்டும் பற்றுச்சீட்டு கொடுங்கள். விளங்காத கடிதத்தில் ஒப்பமிட வேண்டாம்.

திடீர் மரண விசாரணைக்குக் கண்ட சாட்சிகளையும் கூட்டிச் செல்லுங்கள். அங்கு சொல்வது பதிவாகிறது. பின்னர் அதுவே கைகொடுக்கும்.

நீதவான் நீதிமன்றில் பொலிசார் நடத்துவது தண்டனைக்கான வழக்கு. அங்கு விதிக்கும் குற்றப்பணம் அரசாங்கத்துக்கே சேரும். நட்டஈட்டு வழக்கு வேறு. அதை மாவட்ட நீதிமன்றில் குடும்பமே தொடுக்க வேண்டும். அதற்குள்ள காலம் பொதுவாக 2 வருடம். பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் இக்காலம் கடந்துவிடும். எம்மவர்க்கு நேரும் பெரிய நட்டம் இதுதான் என்பது எமது எண்ணம்.

இறந்தவர் உழைத்துக் குடும்பத்துக்குத் தந்த ஆதரவை வைத்தே நட்டஈடு கணிக்கப்படும். கமக்காரனுக்குச் சம்பளச் சீட்டு ஏது? கமநல சேவை நிலையப் பதிவு, நெல் விற்ற பற்றுச்சீட்டு, கூட்டுறவுச் சங்கக் கடன் புத்தகம், கூலிக்கு அழைத்தவரின் சாட்சியம் ஆகியவை உதவும். இடம்பெயர்வில் தொலைந்த பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பதிவாளரிடம் பெறலாம். பதியாத வழமைத் திருமணத்தையும் சாட்சிகளால் நிரூபிக்க இடமுண்டு.

உழைக்காத சிறுபிள்ளை இறந்தால்? பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்ததற்கு நட்டஈடு கோர முடியாதென 2001 இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றி, நெருங்கிய உறவினர் இவ்விழப்புக்கும் கோர வழிசெய்தது.

பொலிஸ் காவலில் மரணம் நேர்ந்தால் அடிப்படை உரிமை மனு உண்டு. அதனை இறந்தவரின் மனைவி தாக்கல் செய்யலாமென 2003 இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் தவணை ஒரு மாதமே. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுவதும் நன்று.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குச் செல்லலாம். வருமானத்தைக் காட்டும் கிராம அலுவலரின் கடிதம், அடையாள அட்டை, மரணச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள்.