வாடகை விமானமும் வாழ்க்கைப் பாதையும்

(மூன்றாம் ஆண்டு, வணிகவியல்)

"கால் காசு உத்தியோகமானாலும் கவர்மெண்டு உத்தியோகம் வேண்டும்" என்பது நம் பெரியோர் வாக்கு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிட்டராகப் பணியாற்றிய என் தந்தையாரும் அதைச் சொல்லியே என்னை வளர்த்தார். சென்ற ஆண்டு ஒருநாள், "பி.காம். முடித்ததும் விமானங்களை வாடகைக்கு விடும் தொழிலில் சேர ஆசை, அப்பா" என்றேன். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். "விமானத்தைக் கூடவா வாடகைக்கு விடுவார்கள்? அதில் உனக்கென்ன வேலை? அந்த வேலை நிலைக்குமா?" அன்று என்னிடம் விடை இல்லை. பின்னர் தேடிப் படித்து அறிந்ததை ஆசிரியப் பெருமக்கள் முன்பும் சக மாணவர்கள் முன்பும் வைக்கிறேன்.

விமானத்துக்கும் வாடகையா?

பூந்தமல்லியில் பாத்திர வாடகைக் கடையைப் பார்க்காதவர் யார்? கல்யாண வீட்டார் அண்டாவையும் குண்டானையும் விலைக்கு வாங்குவதில்லை. கடைக்காரர் எண்ணிக் கொடுக்கிறார். திரும்பி வரும்போது எண்ணி வாங்குகிறார். நசுங்கியிருந்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்கிறார். விமான வாடகையின் அடிப்படையும் இதுவேதான்.

ஒரு பயணிகள் விமானத்தின் விலை பல நூறு கோடி ரூபாய். அவ்வளவு பணத்தை முடக்க விரும்பாத விமானப் போக்குவரத்து நிறுவனம், மாத வாடகைக்கு விமானத்தை எடுக்கிறது. விமானத்தை மட்டும் எடுத்து, விமானியையும் பராமரிப்பையும் தானே பார்த்துக்கொண்டால் அது 'டிரை லீஸ்'. விமானி, பராமரிப்பு, காப்பீடு ஆகியவற்றோடு சேர்த்து எடுத்தால் 'வெட் லீஸ்'.

மூன்றாவது முறை ஒன்றும் உண்டு. மொத்தமாக வாங்கித் தள்ளுபடி பெறுவது, விமானம் கைக்கு வந்ததும் வாடகை நிறுவனத்துக்கு விற்பது, அதையே மீண்டும் வாடகைக்கு எடுப்பது. 2005-இல் நூறு ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து, 2006-இல் பறக்கத் தொடங்கிய இண்டிகோ பெருமளவு இம்முறையில்தான் வளர்ந்தது.

தொழிலின் வரலாறு நீண்டதன்று. 1973-இல் அமெரிக்காவில் ஐ.எல்.எப்.சி. என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர், ஹங்கேரியிலிருந்து சிறுவயதில் குடியேறிய ஸ்டீவன் உட்வார்-ஹாசி. 1975-இல் அயர்லாந்தின் ஷானன் நகரில் ஜி.பி.ஏ. நிறுவனம் பிறந்தது. அதன் சிற்பி டோனி ரையன், ஏர் லிங்கஸ் நிறுவனத்தில் ஊழியராக இருந்தவர். உபரியாக நின்ற விமானத்தைத் தாய்லாந்துக்கு வாடகைக்கு அனுப்பும் பணியில் ஈடுபட்டபோது இத்தொழிலின் சூட்சுமத்தைக் கற்றார். இன்றும் உலகின் வாடகை விமானங்களில் பெரும் பகுதி அயர்லாந்திலிருந்தே நிர்வகிக்கப்படுகிறது.

நமக்கென்ன வேலை?

விமானம் என்றவுடன் விமானியும் பணிப்பெண்ணும் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறார்கள். வாடகை நிறுவனத்தில் இவ்விருவரும் இல்லை. அங்கே இருப்பவர்கள் கணக்கர், ஒப்பந்தம் எழுதுவோர், வாடகைதாரரின் நிதி நிலையை எடைபோடுவோர், தொழில்நுட்பப் பரிசோதகர், ஆவணச் சரிபார்ப்பாளர் ஆகியோரே.

வணிகவியல் மாணவருக்கு ஒரு செய்தி. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் 'இந்திய கணக்கியல் தரம் 116' நடைமுறைக்கு வந்தது. அதன்படி நீண்டகால வாடகைப் பொறுப்புகளை நிறுவனங்கள் ஐந்தொகையிலேயே காட்ட வேண்டும். நாம் வகுப்பில் கொட்டாவியோடு கேட்கும் ஐந்தொகைதான் அங்கே அன்றாடச் சோறு!

ஆவண வேலையும் எளிதன்று. எஞ்சினின் சில பாகங்களுக்கு ஆயுள் எல்லை உண்டு. அப்பாகம் தயாரான நாள் முதல் எத்தனை முறை பறந்தது என்பதற்குத் தொடர்ச்சியான சான்று வேண்டும். இடையில் ஒரு தாள் தொலைந்தால், நல்ல பாகமும் விலை போகாது.

இயற்பியல், வேதியியல், கணிதம் படித்த நண்பர்கள் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் பெற்று, பட்டறையிலிருந்து இத்துறைக்கு வரலாம். ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. இத்துறையில் இடங்கள் குறைவு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை வைத்திருக்கும் ஏர்கேப் நிறுவனத்தின் ஊழியர்களே சில நூறு பேர்தாம். ஆகவே கல்லூரியிலிருந்து நேரே நுழைவோரைவிட விமான நிறுவனம், வங்கி, தணிக்கை அலுவலகம் ஆகியவற்றில் அனுபவம் பெற்று நுழைவோரே அதிகம். "மூன்று மாதப் பயிற்சி, உடனே வேலை" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்!

வேலை நிலைக்குமா?

இதுவே கடினமான கேள்வி. 1992-இல் ஜி.பி.ஏ.யின் பங்கு வெளியீடு தோல்வியுற்றது. மறு ஆண்டே அதன் பெரும்பகுதி அமெரிக்க ஜி.இ. நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. ஜி.இ.யின் அந்த வாடகைப் பிரிவை 2021-இல் ஏர்கேப் வாங்கியது. ஐ.எல்.எப்.சி.யையும் அதே ஏர்கேப் 2014-இல் வாங்கியிருந்தது. பெயர்ப்பலகைகள் மாறின; ஆனால் தொழில் தெரிந்தவர்கள் வீழவில்லை. ஜி.பி.ஏ.யில் பழகியோர் பலர் வேறு வாடகை நிறுவனங்களை உருவாக்கினர். உட்வார்-ஹாசியும் 2010-இல் புதிய நிறுவனம் தொடங்கினார்.

நம் நாட்டிலும் 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே மாதத்தில் கோ பர்ஸ்ட் திவால் மனு கொடுத்தது. வாடகைக்கு விட்டவர்கள் தங்கள் விமானங்களை மீட்க ஏறத்தாழ ஓராண்டு போராடினர். 2024 ஏப்ரலில் டெல்லி உயர்நீதிமன்றத்தின் ஆணை வந்த பிறகே வழி பிறந்தது. 2001-இல் கையெழுத்தான கேப்டவுன் உடன்படிக்கையில் இந்தியா 2008-லேயே சேர்ந்திருந்தும், அதற்குச் சட்ட வலிமை தரும் தனிச் சட்டம் 2025-இல்தான் வந்தது. இதனிடையே குஜராத்தின் காந்திநகர் அருகே கிப்ட் நகரில் வாடகை நிறுவனங்கள் தோன்றியுள்ளன. டப்ளின் தொலைவு, காந்திநகருக்கு ரயிலிலேயே போகலாம்.

தந்தையாருக்கு நான் சொன்ன விடை இதுதான்: "அப்பா, நீங்கள் ஒரே பட்டறையில் இருந்தீர்கள். ஆனால் 2021 அக்டோபர் முதல் தேதி அந்தத் தொழிற்சாலையே ஒரு புதிய நிறுவனத்தின் கீழ்ப் போயிற்று. நீங்கள் முதலாளியை மாற்றவில்லை, முதலாளி மாறினார். நிலைத்து நின்றது உங்கள் கைத்தொழில் அல்லவா?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரிப்பா, வங்கித் தேர்வையும் எழுதி வை. கணக்கை ஒழுங்காகப் படி" என்றார்.

அதில் அனுமதி பாதி, எச்சரிக்கை பாதி. இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். நண்பர்களே, ஆசைப்படும் தொழிலின் பெயரோடு நில்லாமல், அதன் உள்ளே நடப்பது என்ன என்பதையும் அறிந்து புறப்படுவோம். அப்போது எந்தப் பலகை மாறினாலும் நம் கல்வி நம்மோடு வரும்.