லிமிடெட் கம்பெனி: சட்டமும் செலவும்

தில்லியில் நாம் குடியிருக்கும் பகுதியில், சில ஆண்டுகளுக்கு முன் மூன்று நண்பர்கள் கூடி இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்கு வழங்கும் தொழிலைத் தொடங்கினார்கள். மூவரும் தமிழர், மூவரும் நேர்மையானவர்கள். ஒருவரை ஒருவர் நம்பியதால் எழுத்து மூலமான ஒப்பந்தம்கூட அவர்களிடையே இல்லை. தொழில் வளர்ந்தது. வேன் வாங்கினார்கள், குளிர்சாதன அறை அமைத்தார்கள். அவற்றுக்கெல்லாம் தொழிலின் பெயரால் கடன் வாங்கியவர் மூவருள் ஒருவரே. பின்னர் வியாபாரம் நொடித்தது. கடன் கொடுத்தவர்கள், கையெழுத்திட்டவரைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. வசதி படைத்தவர் யாரோ அவரிடம் வந்தார்கள். தஞ்சை மாவட்டத்தில் பாட்டனார் கட்டிய வீட்டை விற்று அந்த நண்பர் கடனை அடைத்தார்.

“நான் கையெழுத்தே போடவில்லையே, என் வீடு எப்படிப் போயிற்று?” என்று அவர் நம்மிடம் கேட்டார். அக்கேள்விக்கு விடை 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தில் இருக்கிறது. கூட்டுத் தொழிலின் கடனுக்குக் கூட்டாளிகள் அனைவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள் ஆவர். அப்பொறுப்புக்கு அவர்கள் போட்ட முதல் எல்லையன்று; சொந்தச் சொத்தும் அதற்கு உட்பட்டதே. இந்த நிலையை மாற்றும் பொருட்டு ஏற்பட்டதே ‘லிமிடெட்’ என்னும் ஏற்பாடு.

லிமிடெட் என்பது வரம்புள்ள பொறுப்பு. இச்சொல்லைத் தமிழாக்கும்போது நம் போன்ற மொழிபெயர்ப்பாளர்களே சற்றுத் தயங்குவதுண்டு. வரம்பு கம்பெனிக்கு உரியதன்று, பங்குதாரருக்கு உரியது. கம்பெனி தன் கடன் முழுவதற்கும் தன் உடைமை முழுவதாலும் பொறுப்பாகும். பங்குதாரரோ, தாம் எடுத்துக்கொண்ட பங்கின் தொகைக்கு மட்டுமே பொறுப்பாவார். பத்தாயிரம் ரூபாய்க்குப் பங்கு எடுத்து அதனை முழுவதும் செலுத்திவிட்டால், கம்பெனி எத்தனை லட்சம் கடன்பட்டு வீழ்ந்தாலும், பங்குதாரர் என்ற முறையில் அவரிடம் மேலும் கேட்க இயலாது.

கம்பெனியும் அதை அமைத்தவரும் சட்டத்தின் முன் வெவ்வேறு ஆட்கள் என்னும் கொள்கை, 1897-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பினால் உறுதிப்பட்டது. சாலமன் என்ற தோல் காலணி உற்பத்தியாளர் தம் தொழிலைக் கம்பெனியாக்கினார். அவரும் மனைவியும் மக்கள் ஐவருமாக உறுப்பினர் எழுவர். கம்பெனி நொடித்தபோது, ‘பெயர்தான் கம்பெனி, ஆள் சாலமன்தானே’ என்று வாதிடப்பட்டது. சபை அதனை ஏற்கவில்லை. நம் நாட்டில் 1850-இல் கம்பெனிப் பதிவும், 1857-இல் வரம்புள்ள பொறுப்பும் சட்டத்தில் இடம்பெற்றன. 1913, 1956 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களைக் கடந்து, இன்று நடைமுறையில் உள்ளது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம்.

சிறு முதலில் தொழில் செய்வோர்க்கு ஏற்றது பிரைவேட் லிமிடெட் கம்பெனி. அதற்கு உறுப்பினர் இருவரேனும் வேண்டும். இருநூற்றுவர்க்கு மேல் கூடாது. டைரக்டர்கள் இருவரேனும் வேண்டும். அந்த இருவரே உறுப்பினராகவும் இருக்கலாம். டைரக்டர்களுள் ஒருவராவது நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறையாமல் இந்தியாவில் தங்கியவராக இருத்தல் வேண்டும். தனியொருவரே கம்பெனி அமைக்கவும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. அவர் தமக்குப் பின் உறுப்பினராகும் ஒருவரை அவரது சம்மதத்துடன் முன்னதாகவே நியமித்தல் வேண்டும்.

முதல் எவ்வளவு வேண்டும் என்பது பலரும் கேட்கும் கேள்வி. செலுத்திய மூலதனம் ஒரு லட்சம் ரூபாயேனும் இருக்கவேண்டும் என்று முன்னர் விதி இருந்தது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கிவிட்டது. லட்ச ரூபாய் இல்லையே என்று எவரும் இன்று தயங்கவேண்டுவதில்லை.

இனிப் பதிவு முறையைக் காண்போம். ரிஜிஸ்திராரின் அலுவலகத்துக்கு நடக்கவேண்டிய காலம் போயிற்று. விண்ணப்பங்கள் யாவும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளம் வழியாகவே செல்கின்றன. அவற்றைப் பரிசீலிக்கும் மத்தியப் பதிவு மையம் ஹரியானாவிலுள்ள மானேசரில் இயங்குகிறது. 2020 முதல் ‘ஸ்பைஸ் பிளஸ்’ என்னும் ஒரே படிவத்தொகுதி வழங்கிவருகிறது. பெயர் ஒதுக்கீடு, பதிவு, டைரக்டர் எண், வருமான வரிக்கான பான், டான் எண்கள், சேமநிதி மற்றும் தொழிலாளர் காப்பீட்டுப் பதிவு, வங்கிக் கணக்கு ஆகிய அனைத்துக்கும் அதிலேயே விண்ணப்பிக்கலாம்.

முதலில் மின்னணுக் கையொப்பம் பெறவேண்டும். பின்னர்ப் பெயர். ஏற்கெனவே உள்ள கம்பெனியின் பெயரையோ பதிவு பெற்ற வணிகச் சின்னத்தையோ ஒத்திருக்கும் பெயர் கிடையாது. பெயர் ஒதுக்கீட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஒதுக்கிய பெயர் 20 நாட்களுக்கு நமக்காகக் காத்திருக்கும். அதற்குள் பதிவு விண்ணப்பத்தைத் தாக்கல் செய்யவேண்டும். அதனுடன் இரண்டு ஆவணங்கள் செல்லும். கம்பெனி எந்நோக்கத்துக்காக அமைகிறது என்று கூறுவது அமைப்பு ஆவணம். உள்நிர்வாகம் எவ்வாறு நடைபெறும் என்று கூறுவது நடைமுறை விதிகள். பலர் அச்சிட்ட மாதிரியில் கையொப்பமிட்டுவிட்டு, அவற்றைப் படிப்பதேயில்லை. பங்கை யாருக்கு விற்கலாம், ஒருவர் விலகினால் என்ன செய்வது என்பன யாவும் நடைமுறை விதிகளிலேயே அடங்கியுள்ளன. நண்பர்கள் நண்பர்களாக இருக்கும் நாளிலேயே அவற்றைப் பேசி எழுதிக்கொள்வது நலம்.

செலவுகள் நான்கு வகைப்படும். முதலாவது, மத்திய அரசின் பதிவுக் கட்டணம். அனுமதிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சம் ரூபாய்வரை இருப்பின் இக்கட்டணம் இல்லை. 2019 முதல் இச்சலுகை உள்ளது. ஆகவே, வீண் பெருமைக்காகத் தொடக்கத்திலேயே பெருந்தொகையைக் குறிப்பிடவேண்டாம், தேவைப்படும்போது கூட்டிக்கொள்ளலாம். பான், டான் எண்களுக்கு மட்டும் சிறு தொகை செலுத்தவேண்டும்.

இரண்டாவது, முத்திரைத் தீர்வை. இது மாநில அரசுக்கு உரியது; ஆதலால் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரே அளவு மூலதனத்துக்கு ஓரிடத்தில் சில நூறு ரூபாயும், மற்றோரிடத்தில் பல ஆயிரம் ரூபாயும் ஆகும். கம்பெனியின் பதிவு அலுவலகம் எம்மாநிலத்தில் உள்ளதோ அம்மாநிலத்தின் விகிதமே செல்லும்.

மூன்றாவது, மின்னணுக் கையொப்பத்தின் விலை; கையொப்பமிடும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஆகும். நான்காவது, தொழில் வல்லுநரின் ஊதியம். பட்டயக் கணக்கர், கம்பெனிச் செயலர், செலவுக் கணக்கர், வழக்கறிஞர் ஆகியோருள் ஒருவர், சட்டப்படி எல்லாம் செய்யப்பட்டுள்ளன என்று உறுதிமொழி தரவேண்டும். இவ்வூதியத்துக்கு ஒரே சீரான விகிதம் கிடையாது. இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து, எவ்வெவை அடங்கும், எவ்வெவை அடங்கா என்று எழுத்தில் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர் பதிவு அலுவலகத்தைப் பற்றிச் சிந்தித்து முடிவு செய்யவேண்டும். ஊர்ப்பற்றினால் சொந்த ஊர் வீட்டையே பதிவு முகவரியாகக் கொடுப்பவர் உண்டு. சட்டம் அதனைத் தடுக்கவில்லை. ஆயினும், அரசின் கடிதமும் நீதிமன்ற அறிவிப்பும் அங்கேயே செல்லும். பூட்டிய வீட்டின் திண்ணையில் கிடக்கும் கடிதமும் சட்டத்தின் கண்ணில் நமக்குக் கிடைத்த கடிதமாகிவிடலாம். அம்முகவரியில் கடிதம் பெற ஆளில்லை என்று தெரிந்தால், கம்பெனியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் நடவடிக்கையையும் ரிஜிஸ்திரார் தொடங்கலாம். பின்னர் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குப் பதிவு அலுவலகத்தை மாற்ற வேண்டுமாயின், சிறப்புத் தீர்மானமும் மத்திய அரசின் ஒப்புதலும் தேவை. எனவே, தொழில் நடைபெறும் ஊரிலேயே பதிவு செய்வது பெரும்பாலோர்க்கு நன்று. வாடகைக் கட்டடமாயின், உரிமையாளரின் சம்மதக் கடிதமும் இரண்டு மாதத்துக்கு மேற்படாத மின்கட்டண ரசீது போன்றதொரு சான்றும் வேண்டும்.

அலுவலகத்தின் வெளியே பெயரும் முகவரியும் எழுதிவைப்பது கட்டாயம். அவ்விடத்தில் பொதுவாக வழங்கும் மொழியின் எழுத்திலும் அவை இருத்தல் வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. சூரத்தில் தொழில் செய்வோர் குஜராத்தியிலும், கொல்கத்தாவில் செய்வோர் வங்காளியிலும் எழுதுவது, வந்த இடத்துக்குச் செய்யும் மரியாதை மட்டுமன்று, சட்டக் கடமையும் ஆகும்.

பதிவுச் சான்று கைக்கு வந்ததும் வேலை முடிந்ததென்று இருந்துவிடலாகாது. 30 நாட்களுக்குள் டைரக்டர்கள் முதல் கூட்டம் நடத்தவேண்டும். முதல் தணிக்கையாளரையும் அதே காலத்துக்குள் நியமிக்கவேண்டும். பங்குத்தொகை செலுத்தப்பட்டது என்ற அறிக்கையை 180 நாட்களுக்குள் தாக்கல் செய்தல் வேண்டும். 2018 நவம்பரில் வந்த இவ்விதியைத் தவறவிட்டால், கம்பெனிக்கு மட்டும் 50,000 ரூபாய் தண்டம். பொறுப்புள்ள அதிகாரிகளுக்குத் தனியே தண்டம் உண்டு.

வியாபாரம் நடந்தாலும் நடவாவிட்டாலும், ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை செய்யப்படவேண்டும். கணக்கறிக்கை, ஆண்டறிக்கை என்னும் இரண்டையும் ரிஜிஸ்திராரிடம் தாக்கல் செய்யவேண்டும். சிறு மூலதனமுள்ள கம்பெனிக்கு இவற்றின் கட்டணம் சில நூறு ரூபாயே. தாமதித்தாலோ, ஒவ்வோர் அறிக்கைக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுகிறது. இரண்டு அறிக்கைகளையும் ஓராண்டு மறந்திருந்தால் 73,000 ரூபாய் ஆகிவிடும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டர்கள் ஐந்தாண்டுக்குத் தகுதி இழப்பர். 2017-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதை நேயர்கள் நினைவுகூரலாம். கம்பெனியைத் தொடங்குவது எளிது; மூடுவதற்கும் விண்ணப்பம் உண்டு, அதற்குக் கட்டணம் 10,000 ரூபாய்.

இத்தனை கடமைகளைச் சுமக்க இயலாதவர்க்கு இடைவழி ஒன்றுண்டு. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமையும் வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மையே அது. கூட்டாளிகளின் சொந்தச் சொத்துக்குப் பாதுகாப்பு உண்டு, கடமைகளோ குறைவு. விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயையும் பங்களிப்பு 25 லட்சம் ரூபாயையும் தாண்டாதவரை கணக்குத் தணிக்கை கட்டாயமில்லை. ஆனால் வெளியாரிடமிருந்து பங்குமுதல் திரட்ட விரும்புவோர்க்குக் கம்பெனியே ஏற்றது.

முடிவாக ஓர் எச்சரிக்கை. வரம்புள்ள பொறுப்பு ஒரு கோட்டை என்றால், அதன் கதவை நாமே திறந்துவிடுவதும் உண்டு. சிறு கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி, டைரக்டர்களின் சொந்த ஜாமீனைக் கேட்பது வழக்கம். ஜாமீன் கையொப்பமிட்டவருக்கு அந்தக் கடனைப் பொறுத்தவரை வரம்பு இல்லை. மோசடி செய்தவருக்கும் கம்பெனி கவசமாகாது. பிரைவேட் கம்பெனியின் வரிப்பாக்கி, டைரக்டரின் கடும் அலட்சியத்தால் வசூலாகாமற்போனால், வருமான வரிச் சட்டம் அவரையே பொறுப்பாக்கும்.

நாம் முதலில் கூறிய நண்பர் மீண்டும் தொழில் தொடங்கினார். இம்முறை தம் மகளையும் உடன் சேர்த்து, பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்துகொண்டார். வங்கியின் ஜாமீன் பத்திரம் வந்தபோது, நம்மிடம் கொண்டுவந்து வரிவரியாகப் பொருள் கேட்டார். பின்னர், வாங்க நினைத்த கடனைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். விற்ற வீடு திரும்பவில்லை. ஆனால் படித்துப் பார்க்காமல் எதிலும் கையொப்பமிடுவதில்லை என்ற உறுதி அவர் வீட்டில் இன்று நிலைத்துவிட்டது.