குமாரமங்கலம் முதல் கட்ச் வரை: அரசமைப்பின் 51ஆவது பிரிவு

உலகப் போர் ஓய்ந்து மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. 1948 நவம்பர் 25 அன்று டெல்லியில் அரசியல் நிர்ணய சபை ஒரு சிறிய பிரிவை எடுத்துக்கொண்டது. நாடுகளுக்கிடையே தகராறு வந்தால் நடுவர் வைத்துத் தீர்த்துக்கொள்வதை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்பதையும் அதில் சேர்க்கச் சொன்னார் அனந்தசயனம் அய்யங்கார். அந்தப் பிரிவை ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தாரும், முன்பு சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவருமான டாக்டர் ப. சுப்பராயன். இன்றைய நாமக்கல் மாவட்டம் அன்று சேலம் ஜில்லா.

அதுதான் 51ஆவது பிரிவு. உலக அமைதி, நாடுகளிடையே நியாயமான உறவு, சர்வதேசச் சட்டத்துக்கும் உடன்படிக்கைகளுக்கும் மதிப்பு, நடுவர் தீர்ப்பு என நான்கையும் நாடி அரசு முயல வேண்டும் என்கிறது. 1947இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசமைப்பின் 9ஆவது பிரிவு இதைவிடப் பல படி மேலே போய், போர் செய்யும் உரிமையையே துறக்கிறது. முப்படையும் வைத்துக்கொள்வதில்லை என்கிறது. (ஆனாலும் 1954 முதல் அங்கே தற்காப்புப் படை இருக்கிறது.) நாம் போரைத் துறக்கவில்லை. 51ஐக் காட்டி நீதிமன்றத்தில் வழக்கும் போட முடியாது. வழிகாட்டு நெறிகள் எல்லாவற்றுக்கும் 37ஆவது பிரிவு வைத்த வரம்பு அது.

அப்படியானால் இது வெறும் அலங்காரமா? இல்லை என்பதற்கு கட்ச் சாட்சி.

1965 ஏப்ரலில் ரண் ஆஃப் கட்ச் உப்பு வெளியில் இந்தியப் படையும் பாகிஸ்தான் படையும் மோதின. பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் வில்சன் இடையில் வந்து பேச, ஜூன் 30 அன்று உடன்பாடு ஏற்பட்டது. எல்லையை மூன்று பேர் கொண்ட நடுவர் மன்றம் முடிவு செய்யும் என்று இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. செப்டம்பரில் முழுப் போரே மூண்டது. அப்போதும் அந்த உடன்பாட்டை யாரும் கிழித்தெறியவில்லை. எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது இதுதான்.

1968 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பு வந்தது. பாகிஸ்தான் கோரியது சுமார் 3,500 சதுர மைல். கிடைத்தது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதைக்கூடத் தரக்கூடாது என்று நாடாளுமன்றத்திலும் தெருவிலும் கொந்தளிப்பு. இந்திரா காந்தி அரசு தீர்ப்பை ஏற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. இது எல்லைத் தகராறைத் தீர்த்துக்கொள்வதே தவிர நாட்டின் நிலத்தைத் தாரைவார்ப்பது ஆகாது, எனவே அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை என்று 1969 ஜனவரியில் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்தச் சமயத்தில் ராணுவத் தலைமைத் தளபதி யார் தெரியுமா? ஜெனரல் பி.பி. குமாரமங்கலம், சுப்பராயனின் மகன். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கக் களத்தில் பிடிபட்டுப் போர்க்கைதியாகக் கிடந்தவர். நடுவர் தீர்ப்புக்கு ஆதரவாகத் தகப்பனார் பேசி இருபது ஆண்டு கழித்து, மகன் படைக்குத் தலைமை தாங்கிய காலத்தில், இந்தியா அப்படியொரு தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது.

காஷ்மீர் விஷயத்தில் நம் நிலை வேறு. 1972 சிம்லா ஒப்பந்தத்தைக் காட்டி, மூன்றாம் தரப்பு வேண்டாம் என்கிறோம். அதற்குக் காரணங்கள் உண்டு என்றாலும் 51ஆவது பிரிவின் கனவு அங்கே எட்டவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. வங்கக்கடலில் எட்டியது. 2014இல் நடுவர் மன்றம், தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டர் கடலில் 19,467ஐ வங்கதேசத்துக்கு அளித்தது. நம்மைவிடச் சிறிய நாட்டிடம் பெரும்பங்கை இழந்தும், இந்தியா அதை ஏற்றுக்கொண்டது.