செவிக்குள் ஒலிக்கும் நாடி

மட்டக்களப்பு வாவியைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் அதன் பாடும் மீன்களைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. நிலவு காயும் இரவில், காற்றடங்கி நீர் அசைவற்றிருக்கும் வேளையில், கல்லடிப் பாலத்தை அடுத்துத் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருள் இறக்கி மறுமுனையைச் செவியோடு பொருத்தினால், நீரடியிலிருந்து எழும் மெல்லோசையைக் கேட்கலாம் என்பது இப்பகுதி மீனவர் வழிவழியாக அறிந்த செய்தி. 1848ஆம் ஆண்டில் இங்கு வந்த குடியேற்ற நாட்டுச் செயலாளர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் இவ்வோசையைத் தாமே கேட்டு, 1859இல் வெளியான தமது நூலில் எழுதிவைத்தார். அது ஒரே தொடர்ச்சியான ஒலியன்று, பல சிற்றொலிகளின் தொகுதி என்றும், தோணியின் மரப்பலகையிற் காதை வைத்தபோது அது மிகப் பெருகிற்று என்றும் அவர் குறித்தார். ஒலிப்பது மீனன்று, ஊரி எனப்படும் சிறு நத்தையே என்று மீனவர் அவருக்குக் கூறினர். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் இதனை நீரரமகளிரின் இசையாகக் கற்பனை செய்தார். 1960களில் லாங் அடிகளார் என்னும் கத்தோலிக்கக் குருவானவரின் துணையோடு இவ்வோசை இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பாயிற்று. ஒலிக்கும் உயிர் எது என்பதில் ஒருமித்த முடிபு இன்றும் இல்லை. எனினும், பிறப்பிடம் தெரியவில்லை என்பதனால் ஒலியே பொய்யென்று கூறுவாரில்லை.

இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டது வேறோர் ஒலி. அது வாவியில் எழுவதன்று; மனிதரின் ஒரு காதினுள் எழுவது. பகலில் அலுவல்களுக்கிடையே மறைந்திருந்து, இரவிற் படுக்கையிற் சாய்ந்ததும் “டும், டும்” என்று தொடங்கும். சிலருக்கு அது தொலைவிற் செல்லும் இயந்திரத் தோணியின் ஒலிபோல இருக்கும். சிலருக்கு அரிசி ஆலையின் இரைச்சல்போல. வேறு சிலருக்குப் பறவை சிறகடிப்பது போல, அல்லது “உஸ், உஸ்” என்று நீர் பீறிடுவது போல. அருகிற் படுத்திருப்பவருக்கோ ஒன்றும் கேட்பதில்லை. வாவியின் ஓசைக்குச் சாட்சி சொல்ல ஊரே உண்டு. இவ்வோசைக்குச் சாட்சி ஒருவரே. ஆகையால் அவர் வெளியே சொல்லக் கூசுகிறார். சொன்னாலும், “எல்லாம் மனப்பிரமை” என்றோ, “வயதானால் அப்படித்தான்” என்றோ, ஏதோ தீய ஆவியின் சேட்டை என்றோ பிறர் ஒதுக்கிவிடுகின்றனர். இதனால் இருவகைத் தீங்கு விளைகிறது. எளிதிற் குணமாகக்கூடிய நோயை ஆண்டுக்கணக்காகச் சுமப்போர் உளர். உடனே கவனிக்க வேண்டிய நோயைக் கவனியாது விடுவோரும் உளர்.

முதலில் ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். காதிரைச்சல் என்று பொதுவாக நாம் வழங்குவது வண்டின் ரீங்காரம் போலவோ சில்வண்டின் ஒலி போலவோ இடையறாது கேட்பது. முதுமை, பேரிரைச்சலிடையே நெடுங்காலம் தொழில் செய்தல் முதலியவற்றால் கேள்வி நரம்பும் உட்செவியும் தளர்வதால் அது பெரும்பாலும் உண்டாகிறது. நாம் இங்கே கூறும் ஒலியோ விட்டுவிட்டுத் தாளகதியில் அடிப்பது. அடிக்கும்போது பெருவிரலின் அடியில், மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பாருங்கள். ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஓர் ஒலி வீதம் இரண்டும் ஒன்றாக நடக்கின்றனவா? சற்று விரைந்து நடந்தபின் இரண்டும் ஒருங்கே விரைவு கொள்கின்றனவா? அவ்வாறாயின், நீங்கள் கேட்பது உங்கள் குருதியோட்டத்தின் ஒலியே எனலாம். இது மனப்பிரமையன்று; உடலில் உண்மையாக எழும் ஓசையைச் செவி கேட்கிறது.

குருதியோட்டம் எல்லோர்க்கும் உண்டே, எல்லோரும் ஏன் கேட்பதில்லை என்று நீங்கள் வினவலாம். செவியின் அமைப்பை நோக்கினால் விடை கிடைக்கும். மூளைக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் பெரிய கழுத்து நாடி, செவியைத் தாங்கும் எலும்பினூடாக, நத்தைச்சுருள் எனப்படும் கேள்விப் பொறிக்கு மிக அருகிலே செல்கிறது. மூளையிலிருந்து குருதியைத் திருப்பிக் கொண்டுவரும் பெருநாளம் செவிக்குப் பின்புறமாக வளைந்து, நடுச்செவியின் தளத்துக்குக் கீழே இறங்குகிறது. இடையில் உள்ளது மெல்லிய எலும்புச் சுவர். வாய்க்கால் ஓரத்து வீடு போன்றது நம் செவி. நீர் சீராக ஓடும்வரை வீட்டிலிருப்போர் அதனைக் கவனிப்பதில்லை. மேலும், மூளை தனக்குத் தேவையற்ற ஒலிகளைத் தள்ளிவிடும் இயல்புடையது. 1953இல் அமெரிக்காவில் ஹெல்லர், பேர்க்மன் என்னும் இருவர், இயல்பான கேள்வியுடைய 80 பேரை ஒலிபுகா அறையில் இருத்திப் பார்த்தபோது, அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் ஏதேனும் ஓர் ஒலி தமக்குக் கேட்பதாகக் கூறினர். அகத்தே ஒலி இருப்பது அரிதன்று. அது மேலெழுந்து கவனத்தைப் பற்றிக்கொள்வதே ஆராய வேண்டியது.

அது மேலெழும் காரணங்களை நான்காக வகுக்கலாம். முதலாவது, புறவொலி தடைப்படுதல். காதிற் குறும்பி அடைத்தாலும், தடிமனுக்குப் பின் நடுச்செவியில் நீர் தங்கினாலும் வெளியோசை குறைகிறது. அப்போது உள்ளோசை ஓங்கிக் கேட்கிறது. காதை உள்ளங்கையாற் பொத்திக்கொண்டு பேசிப் பார்த்தால் இதன் உண்மை விளங்கும். இவ்வகையில் தடை நீங்கினாற் பெரும்பாலும் ஒலியும் நீங்கும்.

இரண்டாவது, குருதியோட்டத்தின் வேகம் மிகுதல். குருதிச்சோகை உள்ளவருக்குக் குருதி நீர்த்திருப்பதால் இதயம் அதனை விரைந்து செலுத்துகிறது. தைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரந்தாலும், கருவுற்ற காலத்திலும் இவ்வாறு நிகழலாம். குருதி அமுக்கம் உயர்ந்திருத்தலும் ஒலியை ஓங்கச் செய்யலாம். இவற்றை ஓர் எளிய குருதிப் பரிசோதனையாலும் அமுக்கத்தை அளப்பதாலும் அறியலாம்.

மூன்றாவது, குருதி செல்லும் குழாயில் மாற்றம். நாடியின் உட்சுவரிற் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்கினால், ஒடுங்கிய மதகிற் பாயும் நீர்போலக் குருதி சுழித்து ஒலியெழுப்பும். செவியை அடுத்த பெருநாளத்தின் எலும்புச் சுவர் தேய்ந்து போதலும், அந்நாளம் புடைத்திருத்தலும், அல்லது ஒடுங்கியிருத்தலும் ஒலிக்குக் காரணமாகும். நாடியும் நாளமும் இடையேயுள்ள நுண்குழாய்களின்றி நேரே இணைந்துவிடுவதும் உண்டு. இது அரிதெனினும், மூளையிற் குருதிப்பெருக்கை விளைக்கக்கூடியதாகையால் கண்டறிய வேண்டுவது இன்றியமையாதது. நடுச்செவியிற் குருதிக்குழாய்கள் நிறைந்த சிறு கட்டி தோன்றின், செவிப்பறைக்குப் பின்னே செந்நிறமாக ஒன்று துடிப்பதை வைத்தியர் காண்பதுண்டு.

நான்காவது, மூளையைச் சூழ்ந்துள்ள நீரின் அமுக்கம் உயர்தல். உடற்பருமன் மிக்க இளம் பெண்களிடையே இது பெரிதும் காணப்படுகிறது. தலைவலியும், குனிந்து நிமிரும்போது சில கணம் பார்வை மங்குதலும் இதன் குறிகள். இதனைக் கவனியாது விட்டால் பார்வை நிலையாகக் கெடக்கூடும். எடையைக் குறைத்தலும் தகுந்த மருந்தும் பலருக்கு நலம் தருகின்றன. காதில் ஒலி என்று வந்தவரின் கண்ணை வைத்தியர் ஏன் சோதிக்கிறார் என்று வியப்போர்க்கு விடை இதுவே.

இனி, தாளகதியில் ஒலித்தும் நாடியோடு பொருந்தாத ஒலியும் ஒன்றுண்டு. நடுச்செவியிலுள்ள மிகச் சிறிய இரு தசைகளில் ஒன்று, கண்ணிமை துடிப்பதுபோலத் தானே துடிக்கலாம். “படபட”வென்ற இவ்வொலி சில நேரம் தோன்றி மறைவது. களைப்பும் உறக்கக் குறைவும் இதனைத் தூண்டலாம். பெரும்பாலும் இதனால் ஆபத்து இல்லை.

வைத்தியர் இவற்றை எவ்வாறு பிரித்தறிகிறார்? முதலிற் காதினுள் ஒளி செலுத்திப் பார்க்கிறார். பின் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலும், காதின் பின்புறத்து எலும்பிலும், கண்ணின் மேலும் வைத்துக் கேட்கிறார். பிரான்ஸ் தேசத்து லெனெக் என்னும் வைத்தியர் 1816இல் ஒரு கடதாசிச் சுருளை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதே இக்கருவியின் தொடக்கம். நீருள் நட்ட துடுப்பிற் காதை வைக்கும் நம் மீனவரின் முறையும் அடிப்படையில் இதுவே: ஒலி திண்பொருளின் வழியாகச் செவியை நேரே வந்தடைகிறது. நோயாளி கேட்கும் ஒலியைச் சில வேளைகளில் வைத்தியரும் இவ்வாறு கேட்டுவிடுகிறார். “எனக்கும் கேட்கிறது” என்ற அந்த ஒரு சொல், பல மாதம் தனிமையில் வருந்தியவருக்குப் பேராறுதலாகும். ஆனால் வைத்தியருக்குக் கேட்கவில்லை என்பதனால் ஒலி இல்லை என்று பொருளன்று.

தலையை ஒருபுறம் திருப்பும்போதோ, கழுத்தின் பக்கத்தை மெல்ல அழுத்தும்போதோ ஒலி அடங்கினால், அது நாளத்தில் எழுவது என்று வைத்தியர் ஊகிப்பார். இச்சோதனையை வீட்டிற் செய்து பார்த்தல் தகாது. கழுத்து நாடியை அழுத்துவது, சிறப்பாக முதியோர்க்கு, மயக்கத்தையும் வேறு தீங்குகளையும் விளைக்கலாம். இவற்றின்பின் கேள்விப் பரிசோதனையும், தேவைக்கேற்பச் சீ.ரீ., எம்.ஆர்.ஐ. முதலிய ஸ்கான் பரிசோதனைகளும் நடைபெறும். நாடியோடு ஒத்து, ஒரு காதில் மட்டும் நீடித்துக் கேட்கும் ஒலிக்கு இத்தகைய படம் எடுத்துப் பார்ப்பதே முறை. இலங்கையில் அரசினர் வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசமாகையால், செலவை எண்ணி எவரும் தயங்க வேண்டுவதில்லை. அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் சென்று, காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். ஒலி தொடங்கிய நாள், எக்காதில், எவ்வேளையில் மிகுகிறது, எப்படிப் படுத்தாற் குறைகிறது என்பவற்றை ஒரு தாளிற் குறித்துக்கொண்டு போனால் வைத்தியரின் வேலை பாதி எளிதாகும்.

சில குறிகள் காத்திராதவை. ஒலியோடு கடுந்தலைவலி, முகம் கோணல், கைகால் தளர்ச்சி, நாக்குழறல் ஆகியன தோன்றினால் அக்கணமே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பார்வை மங்கினாலும், தலையில் அடிபட்டபின் இவ்வொலி தொடங்கினாலும் தாமதம் கூடாது. ஒரு காதின் கேள்வி திடீரெனக் குன்றினால் அன்றே செல்லுங்கள். முதற் சில நாட்களில் அளிக்கும் சிகிச்சையே பயன் மிகுதியாகத் தருவது. காதினுட் சூடான எண்ணெய் விடுதல், கோழியிறகாலும் தீக்குச்சியாலும் குடைதல் முதலிய கைவைத்தியங்களை அறவே தவிருங்கள். அவை உள்ள நோயைத் தீர்க்காமல், செவிப்பறையையும் கெடுத்துவிடும்.

எல்லாப் பரிசோதனையும் முடிந்து, “அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை, காரணமும் தெளிவாகத் தெரியவில்லை” என்று வைத்தியர் கூறிவிடுவதும் உண்டு. அப்போது என் செய்வது? நிமிடத்துக்கு எழுபது முறை துடிக்கும் நாடி, ஒரு நாளில் ஓரிலக்கம் முறைக்கு மேல் துடிக்கிறது. அத்தனை ஒலிகளையும் எண்ணிக்கொண்டு வாழ்தல் இயலாது. ஆயின், அச்சம் உள்ளவரைதான் மனம் அவ்வொலியைக் காவற்காரனைப்போல் உற்றுக் கேட்கிறது. ஆபத்தில்லை என்பது உறுதியானபின் அக்காவல் சிறிது சிறிதாகத் தளர்கிறது. ஆகவே பரிசோதனை முடிந்தது என்பதே மருந்தின் முதற்பகுதி.

இரண்டாவது பகுதி, நிறைமௌனத்தைத் தவிர்த்தல். இருளும் அமைதியும் சூழ்ந்த அறையில் அவ்வொலி தனியரசு செலுத்தும். மின்விசிறி சுழலட்டும், வானொலி மிக மெல்லிய ஒலியிற் பாடட்டும். கல்லடி, நாவலடிப் பக்கத்துக் கரையோரத்தார்க்குக் கடலே இத்துணையை அளிக்கிறது. சாளரத்தைச் சிறிது திறந்து வைத்தாற் போதும். ஆனால் காதின் ஒலியை மூழ்கடிக்கும் அளவுக்குப் புறவொலியை உயர்த்தலாகாது. இரண்டும் கலந்து கேட்கும் அளவே தக்கது. அப்போதுதான் மனம் பழகும். தலையணையைச் சற்று உயர்த்துதலும், ஒலிக்கும் காது மேற்புறமாக இருக்கும்படி படுத்தலும் சிலர்க்கு உதவும். உறக்கமின்மையும் மனச்சோர்வும் மிகுந்தால் அவற்றுக்கும் சிகிச்சை உண்டு. உளநல ஆலோசனை பெறுவதில் இழுக்கு யாதுமில்லை.

வீட்டாருக்கும் ஒரு கடமை உளது. தாயோ தமக்கையோ “என் காதில் ஏதோ அடிக்கிறது” என்று கூறினால், நகையாதீர்; மந்திரித்து நூல் கட்டியதோடு நின்றுவிடாதீர். அருகில் அமர்ந்து, அவர் மணிக்கட்டில் விரல் வைத்து, ஒலி எழும்போதெல்லாம் அவரைத் தலையசைக்கச் சொல்லி, அது நாடியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால், காலந்தாழ்த்தாது அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.