வெயில் வேலையும் சிறுநீரகமும்

சிறுநீரகங்கள் நாள்பட்ட செயலிழப்பை நோக்கிச் செல்வதற்குச் சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமுமே முதன்மைக் காரணங்கள் என்பது மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் செய்தி. பெருநகர மருத்துவமனைகளில் டயாலிசிஸ் செய்துகொள்வோரின் நோய்க்குறிப்புகளைப் புரட்டினால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் கரும்புத் தோட்டங்களிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்து நெல்வயல்களிலும், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் தென்னையும் முந்திரியும் விளையும் உத்தானம் பகுதியிலும் சில பத்தாண்டுகளாகக் காணப்படும் சிறுநீரக நோய் இந்த விதிக்குள் அடங்கவில்லை. சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உடல் பருமனோ இல்லாமல், முப்பது நாற்பது வயதில், நாள் முழுதும் வெட்டவெளியில் உடல் வருந்த உழைக்கும் ஆண்களையே அது மிகுதியாகத் தாக்குகிறது. மருத்துவர்கள் அதற்கு 'காரணம் அறியப்படாத நாள்பட்ட சிறுநீரக நோய்' என்று பெயரிட்டனர். காரணம் முழுவதும் தெளியவில்லை என்பது உண்மையே எனினும், இதுவரை கிடைத்துள்ள சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, இந்த நோயின் வேர் நோயாளியின் பழக்கவழக்கங்களில் அல்லாமல் அவர் செய்யும் வேலையில் இருக்கிறது என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது.

எல் சால்வடோர் நாட்டின் தலைநகரில் உள்ள பொது மருத்துவமனைக்குச் சிறுநீரகம் செயலிழந்து வருவோரில் பெரும்பகுதியினருக்கு வழக்கமான காரணங்கள் எவையும் இல்லை என்பதையும், அவர்களில் பலர் கடற்கரையை ஒட்டிய தாழ்நிலங்களின் உழவுத் தொழிலாளர்கள் என்பதையும் அங்குள்ள மருத்துவர்கள் 2002இல் ஓர் ஆய்விதழில் எழுதினர். அண்டை நாடான நிகராகுவாவின் சிச்சிகல்பா நகரை ஒட்டி, கரும்பு வெட்டுவோர் வாழும் 'லா இஸ்லா' என்ற குடியிருப்பில் இறந்த ஆண்களின் எண்ணிக்கை காரணமாக அதற்கு 'விதவைகளின் தீவு' என்ற பெயரே நிலைத்துவிட்டது. இலங்கையிலோ 1990களிலேயே மதவாச்சி, பதவியா, கிராந்துருகோட்டை முதலிய இடங்களில் நெல் விவசாயிகளிடம் இதே போன்ற நோய் கண்டறியப்பட்டு, பின்னர் அநுராதபுரத்தை ஒட்டிய வவுனியா மாவட்டத்திலும் பதிவாயிற்று. கடலாலும் மொழியாலும் பயிராலும் பிரிக்கப்பட்ட இந்த இடங்களை இணைப்பவை சூடான தாழ்நிலமும் கடும் உடலுழைப்பும்தான்.

வெயிலில் செய்யும் வேலை சிறுநீரகத்தை எவ்வாறு கெடுக்கக்கூடும் என்பதை அறிய, அந்த உறுப்புக்கு உடல் ஒதுக்கும் பங்கிலிருந்து தொடங்கவேண்டும். இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லாத இரு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்வடிகட்டி அலகுகள், உள்ளன. இவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடித்து, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக விட்டுவிட்டு, எஞ்சியதை நுண்குழல்கள் வழியே ரத்தத்துக்கு மீட்டுத் தருகின்றன. இந்த மீட்புப் பணி தானாக நடப்பதன்று. நுண்குழல் செல்கள் இடைவிடாமல் ஆற்றலைச் செலவழித்தே அதைச் செய்கின்றன என்பதால், ரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் திணறுபவையும் அவையே.

தசை செலவிடும் ஆற்றலில் கால் பங்கு அளவே வேலையாக மாறுகிறது, மற்றதெல்லாம் வெப்பமாகிறது. கரும்பு வெட்டுதல், உப்பு வாருதல், நாற்று நடுதல் போன்ற வேலைகளில் ஈடுபடும் உடல், வெளியிலிருந்து வெயிலையும் உள்ளிருந்து தன் சொந்த வெப்பத்தையும் ஒருசேரச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அதற்காக ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பி, மணிக்கு ஒரு லிட்டர் அல்லது அதற்கும் மேலாக வியர்வையைச் சுரக்கிறது. தோலுக்கும் தசைக்கும் கூடுதலாகச் செல்லும் ரத்தம் குடலிலிருந்தும் சிறுநீரகத்திலிருந்தும் குறைக்கப்படுகிறது. நீர் குறைந்த நிலையில் மூளை சுரக்கும் வாசோப்ரெஸ்ஸின் என்ற ஹார்மோன், சிறுநீரை மேலும் அடர்த்தியாக்கும்படி நுண்குழல்களைத் தூண்டுகிறது. குறைந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு கூடுதல் வேலை செய்யும் நெருக்கடி இப்படித்தான் உருவாகிறது. ஒருநாள் நேர்ந்தால் சிறுநீரகம் தேறிவிடும். அறுவடைக் காலம் முழுதும் நாள்தோறும் நேர்ந்து, அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் தொடர்ந்தால், சிறு சிறு காயங்கள் ஆறாத தழும்புகளாகி நுண்குழல்களைச் சுற்றிய திசு நார்த்தன்மை அடைகிறது. எல் சால்வடோர் தொழிலாளர்களின் சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்த ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013இல் விவரித்தவற்றில் இத்தகைய நுண்குழல் சிதைவும் நார்த்தன்மையும் அடங்கும்.

நீரிழப்பு தனித்து நின்று தீங்கு செய்வதில்லை. கடும் உழைப்பில் தசைநார்கள் சிதையும்போது வெளிப்படும் மயோகுளோபின் என்ற புரதமும், மிகும் யூரிக் அமிலமும் நுண்குழல்களுக்குச் சுமையாகின்றன. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் நடத்திய சோதனைகளில், திரும்பத் திரும்ப நீரிழப்புக்கு உள்ளாகும் சிறுநீரகம் தனக்குள்ளேயே குளுக்கோசை ஃபிரக்டோசாக மாற்றத் தொடங்குவதும், அந்த ஃபிரக்டோஸ் சிதையும்போது செல்கள் புண்படுவதும் 2014இல் தெரியவந்தன. சர்க்கரை கலந்த குளிர்பானங்களில் ஃபிரக்டோஸ் ஏற்கெனவே நிறைந்திருப்பதால், தாகத்துக்குத் தண்ணீருக்குப் பதிலாக அவற்றைக் குடிப்பது நிலைமையை மோசமாக்கக்கூடும். உடல்வலிக்கு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே வாங்கி விழுங்கப்படும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளின் தீங்கோ ஐயத்துக்கு இடமற்றது. நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்கான ரத்த ஓட்டத்தைத் தாங்கிப்பிடிக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியையே அவை தடுத்துவிடுகின்றன. மறுநாளும் வேலைக்குப் போகவேண்டும் என்பதற்காகவே அந்த மாத்திரை விழுங்கப்படுகிறது என்பதை மறந்துவிட்டு, 'தானே மருந்து வாங்கித் தின்னும் பழக்கம்' என்று தொழிலாளியைக் குறைசொல்வது எளிது.

வேலையிடத்து வெப்பத்தை வானிலை அறிக்கையின் வெப்பநிலை கொண்டு அளப்பது பொருந்தாது. அறிக்கை தருவது நிழலில் உள்ள காற்றின் வெப்பநிலை. நிலத்தில் நிற்பவர் உணர்வது ஈரப்பதம், காற்றோட்டம், நேரடிக் கதிர்வீச்சு ஆகியவை சேர்ந்த சுமை. இதற்கெனத் தொழில்சார் மருத்துவத்தில் ஈரக்குமிழ்–கோள வெப்பநிலை என்ற அளவீடு பயன்படுகிறது. குமிழில் ஈரத்திரி சுற்றிய வெப்பமானி காட்டும் எண்ணுக்குப் பத்தில் ஏழு பங்கும், வெயிலில் வைத்த கரும்நிறக் கோளத்தின் உள்வெப்பத்துக்கு இரண்டு பங்கும், சாதாரண வெப்பமானிக்கு ஒரு பங்கும் கொடுத்து அது கணக்கிடப்படுகிறது. சான்றாக, நிழலில் 35 டிகிரி செல்சியஸ் இருக்கும் ஒரு கடலோரப் பகலில் ஈரத்திரி 28 டிகிரியும் கரும்கோளம் 48 டிகிரியும் காட்டினால், விடை 32.7 டிகிரி. கடும் உடலுழைப்பை இடைவேளையின்றித் தொடர்வதற்குப் பன்னாட்டுத் தர நிறுவனம் வகுத்துள்ள வரம்போ, வெப்பத்துக்குப் பழகிய உடலுக்கே 26 டிகிரிதான். வியர்வையின் பயன் அது ஆவியாவதில்தான் இருக்கிறது என்பதால், ஈரத்திரிக்கு இத்தனை பெரிய பங்கு தரப்பட்டது பொருத்தமே. கரையோர ஈரக்காற்றில் வியர்வை வழிந்து வீணாகிறதே தவிர உடலைக் குளிர்விப்பதில்லை.

தமிழ்நாட்டு உப்பளங்கள் இந்தக் கணக்கின் கடுமையான எடுத்துக்காட்டு. பாத்திகளில் விளைந்த வெள்ளை உப்பு சூரிய ஒளியை மேல்நோக்கித் திருப்பியடிக்க, நிழலுக்கு ஒரு மரமும் இல்லாத வெளியில், கோடை மாதங்களே உற்பத்தியின் உச்சமாக இருக்கின்றன. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு, ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு வெப்ப வரம்பைத் தாண்டிய நிலையில் வேலை செய்தனர். சுமார் 7 சதவீதம் பேரிடம் சிறுநீரக வடிகட்டுந்திறன் குறைந்திருந்தது. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீரைக் குறைத்துக் குடிப்பதும், அதனால் சிறுநீர்ப்பாதைத் தொற்று ஏற்படுவதும் இக்குழுவின் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. ஒரு கழிப்பறை இல்லாமை சிறுநீரகத்தைப் பாதிக்கும் காரணியாகிறது என்பதை எந்த மருத்துவப் பாடநூலும் தலைப்பிட்டு எழுதுவதில்லை. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2025இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் உறுதிசெய்யப்பட்டது. அவர்களில் சுமார் பாதிப்பேருக்கு வழக்கமான காரணங்கள் எவையும் இல்லை.

ஆயினும் எல்லாவற்றையும் வெயிலின் தலையில் சுமத்துவது அறிவியல் ஆகாது. இலங்கையில் நோய் ஒரே வெப்பமுள்ள எல்லா மாவட்டங்களிலும் ஒரே அளவில் இல்லை என்பதால், கிணற்றுநீரின் கடினத்தன்மை, ஃபுளூரைடு, காட்மியம், பூச்சிக்கொல்லி எச்சங்கள் என ஒவ்வொன்றாகச் சந்தேகிக்கப்பட்டன. கடினநீரும் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியும் சேர்ந்து தீங்கு செய்கின்றன என்ற கருதுகோள் 2014இல் வெளிவந்ததை அடுத்து, அந்நாட்டு அரசு 2015இல் களைக்கொல்லியைத் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் தளர்த்தியது. கருதுகோளோ இன்றுவரை நிறுவப்படவில்லை. அதற்காகப் பூச்சிக்கொல்லியையும் வெப்பத்தையும் இருவேறு கட்சிகளாக நிறுத்தி வாதிடுவதில் பொருளில்லை. வெயிலில் தோலுக்குச் செல்லும் ரத்தம் மிகுவதாலும் தோல் வியர்வையில் நனைந்திருப்பதாலும் மருந்து தெளிப்பவரின் உடலில் நஞ்சு கூடுதலாக ஊடுருவுகிறது. அதைத் தடுக்கும் முழுஉடல் கவசமும் ரப்பர் கையுறையும் குளிர்நாட்டுத் தட்பவெப்பத்தை எண்ணி வடிவமைக்கப்பட்டவை என்பதால், சித்திரை வெயிலில் அணிந்தால் கவசமே வெப்பத் தாக்குக்குக் காரணமாகிவிடும். ஒரே உடல் ஒரே பகலில் இரண்டையும் சுமக்கிறது.

இந்நோயின் மற்றொரு கொடுமை அதன் மௌனம். சர்க்கரை நோயால் கெடும் சிறுநீரகம் தொடக்கத்திலேயே புரதத்தைச் சிறுநீரில் கசியவிடும். இந்நோயில் பழுதாவது வடிகட்டியைவிட நுண்குழலே என்பதால் புரதக் கசிவு மிகக் குறைவு; கால் வீக்கமும் தென்படாது; சிறுநீர் போவதும் குறையாது. எனவே முகாம்களில் சிறுநீரில் தாள்பட்டையை நனைத்துப் பார்க்கும் எளிய சோதனை இத்தகையோரை 'நலமாக உள்ளார்' என்று திருப்பி அனுப்பிவிடக்கூடும். ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளை அளந்து, வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வடிகட்டுந்திறனே நம்பத்தக்கது. அது நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழ் மூன்று மாதங்களுக்குத் தொடர்ந்தால் நாள்பட்ட நோய் எனக் கொள்ளப்படுகிறது. வேலைப்பருவத்தில் தற்காலிகமாகக் குறைந்த எண் ஓய்வுக்குப்பின் மீளக்கூடும் என்பதால், ஒரே சோதனையில் முடிவு கட்டுவதும் தவறு.

தடுப்பு முறை எதுவும் புதுமையானதன்று: தண்ணீர், ஓய்வு, நிழல். ஆனால் இம்மூன்றும் தொழிலாளிக்குச் சொல்லும் அறிவுரையாக இருக்கும்வரை பயன் தருவதில்லை. வெட்டிய கரும்பின் எடைக்குக் கூலி பெறுபவர் ஓய்வெடுக்கும் ஒவ்வொரு பத்து நிமிடமும் அவர் வீட்டு வருமானத்திலிருந்து கழிகிறது. அவரிடம் 'நிறைய தண்ணீர் குடியுங்கள்' என்று துண்டறிக்கை கொடுப்பது பொறுப்பைக் கைகழுவும் செயலன்றி வேறல்ல. எல் சால்வடோரில் 2014–15 அறுவடையின்போது ஓர் ஆலையின் தோட்டத்தில் கையில் எடுத்துச்செல்லும் நிழற்கூடாரம், முறைவைத்த இடைவேளை, முதுகில் சுமக்கும் தண்ணீர்ப்பை, திருந்திய வெட்டரிவாள் ஆகியவற்றை அறிமுகப்படுத்திப் பார்த்தபோது, வெப்பத்தின் அறிகுறிகள் குறைந்ததோடு, ஆள் ஒருவர் வெட்டிய கரும்பும் நாளுக்கு 5.1 டன்னிலிருந்து உச்சமாக 7.3 டன்வரை உயர்ந்தது. ஓய்வு கொடுத்தால் உற்பத்தி குறையும் என்ற முதலாளிகளின் வாதத்துக்கு இதைவிட நேரான மறுப்பு தேவையில்லை. புதிதாக வேலைக்கு வருவோருக்கு உடல் வெப்பத்துக்குப் பழக ஒரு வாரம் முதல் இரு வாரம் வரை ஆகும் என்பதால், முதல் நாள்களில் பணியளவைக் குறைத்துக் கொடுப்பதும் அத்தகைய ஏற்பாடுகளில் ஒன்று.

சட்டத்தின் துணையின்றி இவை நிலைக்கா. கத்தார் நாடு 2021 முதல் ஈரக்குமிழ்–கோள வெப்பநிலை 32.1 டிகிரியைத் தாண்டினால் திறந்தவெளி வேலையை நிறுத்தவேண்டும் என்று விதித்துள்ளது. உடலியல் வரம்பைவிட அது மிகத் தளர்வானது என்றாலும், நிறுத்துவதற்கு ஓர் எண்ணாவது அங்கே உண்டு. இந்தியாவில் பல்லாண்டுகளாகப் பணியிட வெப்பத்தைக் கவனித்துவந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதன் பெயருக்கேற்பத் தொழிற்சாலைச் சுவருக்குள் நின்றுவிட, வயலும் வரப்பும் அதற்கு வெளியே கிடந்தன. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போரின் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைக்க வழிசெய்தது வரவேற்கத்தக்கது. ஆயினும் அது ஒரே நாளில் சுருண்டு விழுபவரைக் காண்கிறதே தவிர, பதினைந்து ஆண்டு வெயிலில் சிறுகச் சிறுகச் சிறுநீரகத்தை இழப்பவரைக் காண்பதில்லை. அவர்களுக்காக உடனே செய்யத்தக்கது ஒன்று உண்டு: உப்பளத்திலும் கரும்பு வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்வோருக்கு, பருவம் தொடங்கும் முன் ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிரியேட்டினின் சோதனையைச் செய்து, அந்த எண்ணுடன் அவர்களின் தொழிலையும் பதிவேட்டில் எழுதிவைக்க மக்கள் நல்வாழ்வுத் துறை ஆணையிட வேண்டும்.