முதலில் சர்க்கரை, பிறகு கேள்வி

நல்லூர், வேப்பூர், விருத்தாசலம் வட்டாரத்தில் சர்க்கரை மாத்திரை இல்லாத தெருவைக் காண்பது அரிதாகிவிட்டது. "சுகர் ஏறிடுச்சு" என்றால் வீடே பதறுகிறது. இனிப்பை ஒளித்துவைக்கிறார்கள், சோற்றைக் குறைக்கிறார்கள், பாகற்காய்ச் சாறு பிழிகிறார்கள். "சுகர் எறங்கிடுச்சு" என்றால் மட்டும் "கொஞ்ச நேரம் படு, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். ஏறிய சர்க்கரை பெரும்பாலும் வருடக்கணக்கில் உடலை அரிக்கிறது. இறங்கிய சர்க்கரைக்கு அத்தனை பொறுமை கிடையாது. சில மணி நேரத்தில் மூளையைக் கெடுத்துவிடும், உயிரையும் எடுத்துவிடும். மூளைக்கு முதன்மை எரிபொருள் ரத்தத்திலுள்ள குளுக்கோஸ்தான்.

மறுபடி மறுபடி கண்ணில் படும் தவறுகளைச் சொல்கிறேன். காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிட நேரமின்றிப் பேருந்தைப் பிடிக்க ஓடியவர் நிறுத்தத்தில் தள்ளாடுகிறார். பேச்சு குழறுகிறது. "காலையிலேயே குடிச்சுட்டு வந்துட்டான்" என்று சுற்றியிருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்த ஆயா, வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டே வந்து, பத்தரை மணி வரை வரிசையில் நின்று சரிகிறார். மயங்கிக் கிடப்பவர் வாயில் சொந்தக்காரர்கள் காபியை ஊற்றுகிறார்கள். சிலர், "சுகர்காரருக்கு மயக்கம்னா சுகர் ஏறியிருக்கும்" என்று அந்த நேரத்தில் இன்சுலின் ஊசியையே போடுகிறார்கள். அது கிடக்கிறவரைக் கொல்லும் காரியம்.

இவை எல்லாமே தவிர்க்கக் கூடியவை. தேவைப்படுவது மூன்று தேக்கரண்டி சர்க்கரையும் ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு சீட்டும்தான்.

அறிகுறியும் சூளையும்

ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தாழ்நிலை. 54-க்குக் கீழே போனால் ஆபத்து. தானாக எதையும் எடுத்துச் சாப்பிட முடியாமல் அடுத்தவர் உதவி தேவைப்பட்டால், கருவி எந்த எண்ணைக் காட்டினாலும் அது கடுமையான நிலை.

முதலில் வருபவை வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கடும்பசி. அடுத்து மூளை தடுமாறும். கண் மங்கும், எரிச்சல் வரும், காரணமில்லாமல் சண்டை பிடிப்பார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசுவார். கடைசியில் வலிப்பு, மயக்கம். தூக்கத்தில் வந்தால் கெட்ட கனவு, நனைந்த படுக்கை, விடிந்ததும் தலைவலி.

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் வேலை செய்பவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். அகல் விளக்கும் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் வேகும் சூளையருகே நிற்கிற எல்லோருக்கும் வியர்க்கிறது. எனவே சர்க்கரை இறங்கியதால் வரும் வியர்வையை யாரும் கவனிப்பதில்லை. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் புரோப்ரனலால் போன்ற சில மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். அவற்றைச் சாப்பிடுபவருக்கு மிஞ்சும் முக்கிய எச்சரிக்கை வியர்வைதான். சூளை அதையும் மறைத்துவிடுகிறது. போதாததற்கு, வெப்பத்தில் ஊசி மருந்து உடலில் வேகமாக ஏறும். பாரம் தூக்கும் உழைப்பு சர்க்கரையை மேலும் இறக்கும். ஆகவே சூளை வேலைக்காரர் வியர்வையை நம்பக் கூடாது, கடிகாரத்தை நம்ப வேண்டும். ஊசியோ மாத்திரையோ போட்டால் சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது. ஆர்டர் நெருக்கினாலும் தள்ளிப்போகக் கூடாது.

முதலாளிகளுக்கும் ஒரு சொல். தொழிற்சாலையில் முதலுதவிப் பெட்டி வைப்பது சட்டக் கடமை. அதில் ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தையும் போட்டு வையுங்கள். யார் யாருக்குச் சர்க்கரை நோய் என்பது மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கட்டும். சொன்னால் வேலை போய்விடும் என்று தொழிலாளி பயந்து மறைக்கும் பட்டறை, மரணத்தை உள்ளே வைத்துப் பூட்டிய பட்டறை.

விழித்திருப்பவருக்கு

சந்தேகம் வந்ததும் சர்க்கரை கொடுங்கள். குளுக்கோமீட்டர் கையெட்டும் தூரத்தில் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் அதைத் தேடி ஓடாதீர்கள். உண்மையில் சர்க்கரை ஏறியிருந்த ஒருவருக்கு மூன்று கரண்டி சர்க்கரை தந்துவிட்டால் பெரிய கேடு வராது. இறங்கியிருந்தவருக்குத் தராமல் விட்டால் திரும்பப் பெற முடியாத இழப்பு.

அளவு 15 கிராம்: மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பவுடர், தண்ணீரில் கரைத்து. அல்லது அரை டம்ளர் பழச்சாறு, சாதாரண குளிர்பானம். 'சர்க்கரை இல்லாதது' என்று விற்கும் குளிர்பானம் உதவாது. சாக்லேட், லட்டு, பிஸ்கட் அப்போதைக்கு வேண்டாம், அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் காத்திருங்கள். மறுபடி பாருங்கள். 70-ஐத் தாண்டவில்லை என்றாலோ, கருவி இல்லாமல் தடுமாற்றம் அப்படியே இருந்தாலோ இன்னொரு 15 கிராம். தெளிந்த பிறகு இரண்டு இட்லியோ வாழைப்பழமோ சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் மறுபடி இறங்கும்.

வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற பெயர் உங்கள் மாத்திரை அட்டையில் இருந்தால் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள். இந்த மாத்திரைகள் சாதாரணச் சர்க்கரை குடலில் உடைவதைத் தடுப்பவை. இவற்றைச் சாப்பிடுபவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரம் பலிக்காது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். அதைச் சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ வைத்துக்கொண்டே வெளியே கிளம்புங்கள்.

மயங்கிவிட்டவருக்கு

வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தண்ணீர், காபி, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். நுரையீரலுக்குள் போய் மூச்சை அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 108-ஐ அழைத்து "சர்க்கரை நோயாளி, நினைவில்லை" என்ற இரண்டு விவரத்தையும் முதலிலேயே சொல்லுங்கள். வண்டி வந்ததும், மருத்துவமனைக்குப் போனதும் "முதல்ல சுகர் பாருங்க" என்று கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமல் "குடி மயக்கம்" என்று ஓரமாகக் கிடத்திவைப்பது மன்னிக்க முடியாத அலட்சியம். உண்மையிலேயே குடித்திருந்தாலும் பார்த்தாக வேண்டும். மது, கல்லீரல் சர்க்கரை சுரப்பதைத் தடுத்துச் சர்க்கரையை இறக்கும். குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுக்கும் சர்க்கரை நோயாளிக்கு ஆபத்து இரட்டிப்பு.

அவசர நிலையில் வந்தவருக்குச் சிகிச்சை தர மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் இருவருக்கும் அது பொருந்தும். "முன்பணம் கட்டினால்தான் தொடுவோம்" என்பவர்களிடம் இந்தத் தீர்ப்பைச் சொல்லலாம்.

எழுந்து உட்கார்ந்தால் முடிந்ததா?

முடியவில்லை. மக்கள் அதிகமாகக் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிப்பிசைடு, கிளிக்லசைடு ஆகிய மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. குளுக்கோஸ் ஏற்றியதும் நோயாளி எழுந்து பேசுவார். ஆனால் மாத்திரையின் வேலை உடம்பில் ஓயாமல் தொடர்ந்துகொண்டிருக்கும். அன்று இரவே மறுபடி சர்க்கரை இறங்கக்கூடும். மாத்திரையால் மயங்கியவர் குறைந்தது ஒரு நாள் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும். "நல்லாத்தானே பேசுறாரு, கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பினாலும் போகாதீர்கள். "ராத்திரி மறுபடி எறங்கினா யார் பார்க்கிறது?" என்று கேளுங்கள்.

கிளிபென்கிளமைடு 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே சொல்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மருந்து உடலை விட்டு வெளியேறாமல் தங்கும். ஆகவே இறங்கிய ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்வி கேளுங்கள்: "சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின் பார்த்தீங்களா?" "மாத்திரையை மாத்தணுமா, குறைக்கணுமா?" மாற்றி எழுதிய சீட்டு இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள். அதே மாத்திரை, அதே அளவு என்றால் அதே மயக்கம் மறுபடி வரும்.

வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில், மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, ரத்தம் கொடுத்துச் சாப்பாடு கையில் வரும்வரை சர்க்கரை மாத்திரையும் ஊசியும் போடாதீர்கள். இதைச் சீட்டு எழுதும்போதே சொல்லிவிட வேண்டியது மருத்துவமனையின் கடமை. சர்க்கரை நோயாளிகளை வரிசையில் முன்னால் விடுவதும் அவர்கள் கடமையே.

அட்டையும் சிரிஞ்சும்

மாத்திரை அட்டையை வெட்டித் தரும்போது பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடமும் "இது என்ன மாத்திரை?" என்று கேட்டு அட்டையில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மயங்கிக் கிடப்பவரின் மகன் "வெள்ளை மாத்திரை, ஒண்ணு சின்னது" என்றால் மருத்துவரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் ஏற்றினால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். மருந்துக்கடையில் எது இருக்கிறதோ அதைத் தந்துவிடுகிறார்கள். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

பெயரில்லாத பொடிகளைத் தொடாதீர்கள். 2008-இல் சிங்கப்பூரில் ஐந்து மாதத்துக்குள் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் சர்க்கரை இறங்கி மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். கள்ள வீரிய மாத்திரைகளிலும் மூலிகை என்று விற்ற மருந்திலும் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். சுவரொட்டியைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள்.

எங்கே, என்ன எழுத வேண்டும்?

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைத் தாளில் எழுதிப் பிராது கட்டுவது நம் வட்டார வழக்கம். அந்த அக்கறையோடு அலுவலகத்துக்கும் எழுதுங்கள். வாயால் சண்டை போட்டுவிட்டு வந்தால் யாருக்கும் பொறுப்பில்லாமல் போகிறது.

முதலில் ஆவணம். சிகிச்சைக் குறிப்பின் நகலை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. விண்ணப்பத்தில் நோயாளி பெயர், சேர்ந்த தேதி, நேரம் எழுதி, இன்னொரு பிரதியில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையம் குறித்த புகார் கடலூரில் மாவட்ட சுகாதார அலுவலருக்கு. அரசு மருத்துவமனை குறித்தது மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். முதல்வர் உதவி மைய எண் 1100. எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

மருத்துவர் சீட்டு இல்லாமல் சர்க்கரை மாத்திரைகளை விற்கும் கடை, தவறான சிரிஞ்ச் தந்த கடை பற்றி மருந்துகள் ஆய்வாளரிடம் சொல்லலாம். பில் வேண்டும். பில் இல்லாத புகார் நிற்காது. காசு கொடுத்து வாங்கிய மருந்தாலோ சிகிச்சையாலோ கேடு வந்தால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. மருந்தின் பக்கவிளைவை நோயாளியே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதியலாம்.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் பட்டறையில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உரிமை உண்டு. நோயால் வேலைக்குப் போகாத நாட்களுக்கு, விதிகளுக்கு உட்பட்டு, அதில் உதவித்தொகை கேட்கலாம். பதிவு இருக்கிறதா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

ஒரு கெட்டி அட்டையில் எழுதுங்கள்: "எனக்குச் சர்க்கரை நோய். நான் தடுமாறினால் குடித்திருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். விழித்திருந்தால் சட்டைப்பையில் உள்ள குளுக்கோஸைக் கொடுங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதுவும் தராமல் 108-ஐ அழையுங்கள்." கீழே மாத்திரைகளின் பெயர், அளவு, ஊசி யூனிட், வீட்டுத் தொலைபேசி எண். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதைக் காட்டி, மருந்துகள் சரிதானா என்று பார்த்து அவரது கையெழுத்தை வாங்குங்கள். மருந்து மாறும்போதெல்லாம் அட்டையையும் மாற்றுங்கள். அட்டையும் குளுக்கோஸும் பையில் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள், சூளைக்குப் போகாதீர்கள், வெளியூர் கிளம்பாதீர்கள். வீட்டில் இருப்பவர்களும் இதைச் சோதித்துப் பார்த்தே அனுப்ப வேண்டும்.